நாப்பத்தொண்ணாம் நம்பர் ஒத்தைச் செருப்பு

எங்க ஊர்ல நடக்கப்போற காரியமெல்லாம் முதல்ல செருப்பை அனுப்பி வச்சுட்டு, அப்புறந்தான் தான் நடந்து வரும். இதைச் சொன்னா வெளியூர்க்காரங்க ஒரு மாதிரியா பாக்காங்க. பாத்துட்டுப் போகட்டும். செம்பரப்பேரி கோயில் வாசல்ல பதினாறு வருசமா பூக்கட்டி விக்கிற இசக்கியம்மா பொய் சொல்லுதான்னு எவனாவது நாக்கு மேல பல்லைப் போட்டுச் சொல்லட்டும், அப்புறம் வச்சுக்கிடுதேன்.

பொங்கல் முடிஞ்ச மறு செவ்வாக்கிழமை காலையிலதான் முதல் ஜோடி வந்துச்சு. பள்ளிக்கூடத்துல பூகோளம் சொல்லிக் கொடுத்து ரிட்டயரான சாமுவேல் சார், மீன் வாங்கப் பையை எடுத்துக்கிட்டு, "வாரேன் ரோஸி"ன்னு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்துட்டு இறங்கிப் போயிருக்காரு. அவரு தெருமுக்கு திரும்புறதுக்குள்ள ரோஸி டீச்சரம்மா வாசலுக்கு வந்து பாத்தா, சாரோட காப்பிக்கலர் செருப்பு படியில ஜோடியா நிக்கு. ஐயையோ, மனுசன் மறதியில வெறுங்காலோட போயிட்டாரேன்னு அந்தம்மா செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு மார்க்கெட் வரைக்கும் ஓடியிருக்கு. அங்க போயிப் பாத்தா, அவரு காலுல அதே காப்பிக்கலர் செருப்பு, அதே அறுந்து தைச்ச வாரு, பெருவிரல் பக்கம் அதே தேய்மானம். கையில ஒரு ஜோடி, காலுல ஒரு ஜோடி. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மாத்தி மாத்திப் பாத்தாக. அப்புறம் சாளை மீன் நல்லாருக்கே, ஒரு கிலோ போடச் சொல்லட்டான்னு அவரு கேட்டாரு, சரின்னு அந்தம்மா செருப்பைக் கொண்டுபோயி பழைய இடத்துலயே வச்சிருச்சு. சார் வீடு திரும்பி படியில கால் வச்சதும் அந்த ரெண்டாவது ஜோடியைக் காணோம். மீனு குழம்பாச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு.

எங்க ஊர்ல வீட்டை விட்டுக் கிளம்புற யாரும் போறேன்னு சொல்ல மாட்டாக, சொன்னா வையத்தான் செய்வாக, வாரேன்னுதான் சொல்லணும். அதனால பத்து மணிக்குள்ள செருப்பு நிக்காத வாசல் ஊர்ல பாக்கியில்ல. மில்லுக்குப் போனவன் செருப்பு, காலேஜுக்குப் போன பொண்ணு செருப்பு, ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போன கிழவரோட செருப்பு, எல்லாம் வீட்டைப் பாக்கத் திரும்பி வரிசையா நின்னுச்சு. இது ஏன் வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. இதை வச்சுக்கிட்டு வாசலை எப்படிப் பெருக்கன்னுதான் கேட்டாக. கோலம் போடுறவளுக செருப்புக்கு எடம் விட்டுப் புள்ளி வைக்கப் பழகுனாளுக. ரெண்டு நாள்ல அதுவே ஒரு கோலமாயிருச்சு. திருநெல்வேலியில இருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு, "செய்தி போடலாமான்னு பாப்போம்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு சொன்ன அந்தச் சொல்லுக்கு வந்த ஒத்தைச் செருப்பு இன்னைக்கும் டீக்கடை பெஞ்சுக்கு அடியில கிடக்கு, நாய் கூட மோந்து பாக்க மாட்டேங்கு.

ஏன்னா, செருப்பு எல்லாம் ஒரே மாதிரி வரல. அதுலதான் ஊரு முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. வாரேன்னு சொன்னதுக்கு ஒரு ஜோடி, வரலாம்னு சொன்னதுக்கு வேற ஜோடி, வந்தாலும் வருவேன்னு சொன்னதுக்கு இன்னொண்ணு. எதை நம்பி உலை வைக்க, எதுக்கு வைக்க வேண்டாம்னு யாருக்கும் தெரியல. அப்பதான் எல்லாரும் ஆவுடையைத் தேடி வந்தாக.

ஆவுடை யாருன்னு சொல்லணும்லா. எங்க கோயில் வாசல்ல, என் பூக்கூடைக்கு நாலடி தள்ளி, செருப்பு வாங்கி வைக்கிற தட்டி போட்ட கூடம் ஒண்ணு இருக்கு. அதைப் பாக்குறவதான் ஆவுடை. முப்பத்தி நாலு வயசு, கல்யாணம் ஆகல, வீட்டுல அம்மா மட்டும். அண்ணன் சங்கரன் திருப்பூர்ல பனியன் கம்பெனி சூப்பர்வைசர். அப்பா செத்த பிறகு பதினோரு வருசமா இந்தக் கூடம் இவ கையில. ஒரு செருப்பு மாறினது கிடையாது. நம்பர் போட்ட தகர டோக்கனைக் கொடுத்துட்டு, செருப்பை வாங்கும்போதே அதைப் பிடிச்சவன் எப்பேர்ப்பட்டவன்னு சொல்லிருவா. "இவுக வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்காக இசக்கியக்கா, குதிகால் மண்ணைப் பாரு, தரையை மிதிச்சு மிதிச்சு வந்திருக்காக"ம்பா. அரை மணி நேரம் கழிச்சு அந்த ஆளு வீட்டுக்காரி தேடிக்கிட்டு வருவா.

அப்படிப்பட்டவளுக்கு இது எம்மாத்திரம்? ஒவ்வொரு வாசலா போயிப் பாத்தா, கையில தூக்கிப் பாத்தா, வாரை இழுத்துப் பாத்தா, சொல்லிட்டா. "வாரேன்னு சும்மாச் சொன்னதுக்கு வந்த ஜோடி இருக்கே, அது ரெண்டு காலும் ஒண்ணுபோலத் தேஞ்சிருக்கும், அதை நம்பி அரிசி போடலாம். வரப் பாக்கேன்னு சொன்னா ஒரு கால்தான் தேஞ்சிருக்கும், மனசு பாதி வீட்டுல, பாதி ரோட்டுல. வந்தாலும் வருவேன்னா ரெண்டும் ரெண்டு சைஸு. பாப்போம்னா ஒத்தைச் செருப்பு, அதுவும் இடது காலு. கண்டிப்பான்னு சொன்னதை மட்டும் கண்ணால பாத்து நம்பாதீங்க, கையில தூக்கிப் பாருங்க. பாத்தா தோலு, தூக்கினா அட்டை, அப்படி நிறைய வருது." அன்னையில இருந்து எங்க ஊர்ல யாராவது கண்டிப்பா வாரேன்னு சொன்னா, வீட்டுப் பொம்பளைங்க மறு பேச்சு பேசாம வாசலுக்குப் போயி தூக்கிப் பாத்துட்டு வந்துதான் பதில் சொல்லுவாளுக.

புது பஸ் ஸ்டாண்டு போர்டுல விரைவில் திறக்கப்படும்னு எழுதியிருந்துச்சுல்லா, அதுக்கு அடியில பளபளன்னு பாலீஷ் போட்ட பூட்ஸ் வந்து நின்னுச்சு, ஒண்ணோட கயிறை இன்னொண்ணோட சேத்து முடிஞ்சு. ஓட்டுக் கேட்டு வந்த ரெண்டு பேரு மைக்கு முன்னாடி பேசினதுக்கு லாரி கணக்குல வந்து குவிஞ்சது, அம்புட்டும் பச்சைப்பிள்ளை காலுக்குச் சேருற சைஸு. துணி தேய்க்கிற முபாரக் பாய் எதுக்கும் இன்ஷா அல்லான்னு சொல்லுற மனுசன், சாமுவேல் சார் கர்த்தருக்குச் சித்தமானான்னு சொல்லுறவரு. ரெண்டு பேருக்கும் வந்த செருப்பைப் பக்கத்துல வச்சுப் பாத்தா, ஒரே தோலு, ஒரே தையல், கழுவித் துடைச்சு, வாரை மட்டும் தளர்த்தி விட்ட மாதிரி இருந்துச்சு. "வே பாய், ரெண்டு பேருக்கும் ஒரே கடையில்லா வே!"ன்னு சார் சிரிச்ச சிரிப்பு கோயிலுக்குள்ள கேட்டுச்சு. தெற்குத் தெரு செல்லக்கனி, மகன் மஸ்கட்டுல இருக்கான், நாலு வருசமா வரல, எப்ப கேட்டாலும் "வராமலா போயிருவான்"ம்பா. அவ வாசல்ல வந்தது பழைய செருப்பு, ஏழெட்டு நிற நூல்ல தைச்சுத் தைச்சுக் காப்பாத்தி வச்சது. ஆவுடை அதைத் தொட்டுப் பாத்துட்டு, "யம்மா, இது ஒண்ணும் ஆகாது, கிடக்கட்டும்"னா. மாசி மாசம் மகன் வந்து நின்னான். அவனைக் கட்டிப்பிடிச்சு அழுது முடிச்சதும் செல்லக்கனி கேட்ட முதல் கேள்வி, "அந்தச் செருப்பைக் காணோமேடா, இங்கதான இருந்துச்சு"ன்னுதான்.

செருப்பு இப்படிச் சேரச் சேர, நாய்த் தொல்லை தாங்க முடியல. பரீட்சையில பாஸாவேன்னு ஒரு பிள்ளை சொன்னதுக்கு வந்த செருப்பை நாய் ஒண்ணு ஏரிக்கரை வரைக்கும் கவ்விக்கிட்டுப் போயி, மொத்தக் குடும்பமும் பின்னால ஓடினாக. அதனால ஊர்க்கூட்டம் போட்டு, வரப்போற காரியத்தோட செருப்பு எல்லாம் ஆவுடை கூடத்துக்கே வந்துரணும், அவளே டோக்கன் கொடுத்துப் பாத்துக்கிடணும்னு முடிவாச்சு. தட்டிக்கு அந்தப் பக்கம் புதுசா பலகை அடிச்சாக. ஆவுடை சொல்லுக்கு ஒரு தட்டுன்னு பிரிச்சு அடுக்கினா. காலையில வீட்டுக்கு ஒருத்தர் பையில செருப்பைப் போட்டுக்கிட்டு வந்து கொடுத்துட்டுப் போறதும், ஆளு திரும்பினதும் கூடத்துல ஒரு இடம் தானா காலியாகுறதும், ரெண்டு வாரத்துல பால் வாங்குற மாதிரி ஆயிருச்சு.

செருப்பை ஏமாத்த முடியுமான்னு பாத்தவுகளும் உண்டு. மேலத்தெருவுல ஒருத்திக்கு, "அடுத்த மாசம் வந்து ரெண்டு மாசம் இருப்பேன்"ன்னு மாமியார் போன் பண்ணியிருக்கு. வந்து நின்ன செருப்பை இவ சனிக்கிழமை பாத்துச் சனீஸ்வரன் சந்நிதியில கழட்டிப் போடுற மாதிரி போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டா. மாமியார் சொன்ன நாளுல சொன்னபடி வந்துச்சு, வெறுங்கால்ல, கொதிச்ச தார் ரோட்டுல நடந்த கோவத்தோட. ரெண்டு மாசம் நாலு மாசமாச்சு.

ஆனா ஒரு செருப்பை வேற ஆளு மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு டெய்லர் சுடலைமுத்து மூலமாத்தான் தெரிஞ்சுச்சு. நாளைக்குத் தாரேன் நாளைக்குத் தாரேன்னு சொல்லிச் சொல்லிக் கடை வாசல் பூரா செருப்பாக் குவிச்சு வச்சிருந்த மனுசன் அது. ஒரு நாள் டீ குடிக்கப் போற அவசரத்துல, குழாய் ரிப்பேர் பாக்குறவன் சாமுவேல் சார் வீட்டுக்குப் பதினோரு மணிக்கு வாரேன்னு சொன்னதுக்கு வந்த ஜோடியை, கூடத்துல இருந்து தெரியாம மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. சரியாப் பதினோரு மணிக்கு, கையில கத்திரிக்கோலோட, ஒழுகுற குழாய் முன்னால நிக்காரு. எப்படி வந்தோம்னு அவருக்கே தெரியல. வந்தது வந்தாச்சுன்னு லைனிங் துணியைக் கிழிச்சு இறுக்கி ஒரு கட்டுப் போட்டுட்டு வந்தாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் குழாய் ஒழுகல. குழாய்க்காரன் என்னடான்னா அன்னைக்குப் பூரா வீட்டுலயே நிம்மதியாப் படுத்துத் தூங்கியிருக்கான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். ஆவுடை ஊருக்கே செருப்புப் பாத்துச் சொன்னாளே தவிர, அவ மனசு நாப்பத்தொண்ணாம் நம்பர் தட்டுலதான் கிடந்துச்சு. அதுல ஒரு ஒத்தைச் செருப்பு. ஊதா வாரு போட்ட ரப்பர் செருப்பு. இடது காலு. ஒம்பதாம் சைஸு.

அது குத்தாலத்தோட சொல்லு. குத்தாலம் எங்க ஊரு மினிபஸ் டிரைவர், முப்பத்தெட்டு வயசு, நல்ல உசரம், மனுசன் பாக்குறது ரெண்டே ரெண்டு, ஒண்ணு ரோடு, இன்னொண்ணு கைக்கடிகாரம். ஒவ்வொரு டிரிப்பும் கோயில் வாசல்ல பத்து நிமிசம் வண்டி நிக்கும். இறங்கி வந்து செருப்பை ஆவுடை கிட்டக் கொடுத்து, உள்ள போயி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்து, அங்கனயே நின்னு ஒரு டீ. ஆறு வருசம். அவ டோக்கனைக் கொடுக்கும்போது அவரு வாங்குற விதத்தைப் பாத்தா கல்லுக்குக் கூடப் புரியும். ஒருநாள் பொறுக்க மாட்டாம, "ஏ குத்தாலம், கட்டிக்கிட வேண்டியதுதான?"ன்னு நானே கேட்டேன். "பாப்போம்க்கா"ன்னாரு. மறு வருசம் கேட்டேன், பாப்போம்க்கா. செருப்பு வர ஆரம்பிச்ச மூணாவது நாளு ஆவுடை எதுக்கவே கேட்டேன். "பாப்போம்"னு அவரு வாயில இருந்து விழுந்த வேகத்துல, தட்டிக்குப் பக்கத்துல அந்த ஊதா வாரு செருப்பு வந்து நின்னுச்சு. ஆவுடை அதைப் பாத்தா. நம்பர் போட்டு எடுத்து வச்சுட்டா. வெள்ளிக்கிழமை தோறும் அதைச் சீயக்காய் போட்டுக் கழுவித் துடைச்சு வைப்பா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

இன்னொண்ணும் அவதான் கவனிச்சுச் சொன்னா. ஊர்ல எல்லா வீட்டு வாசல்லயும் காலையில செருப்பு வந்துச்சு, குத்தாலம் வீட்டு வாசல்ல மட்டும் ஒரு நாளும் வரல. அவரு தனிக்கட்டை. பூட்டைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுட்டு வண்டிக்கு வருவாரு. வாரேன்னு சொல்ல அந்த வீட்டுல ஆளு கிடையாது. "அவுக வாசல் மட்டும் தொடைச்சு விட்ட மாதிரி இருக்குக்கா"ன்னு ஆவுடை சொன்னா.

பங்குனி பிறந்ததும் திருப்பூர்ல இருந்து சங்கரன் போன் பண்ணினான். தென்காசியில இரும்புக்கடை வச்சிருக்கிற பையன், பேரு கைலாசம், நல்ல இடம், உத்திரத்துக்கு மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பொண்ணு பாக்க வாராக, இந்தத் தடவை முடிச்சிரணும்னு கண்டிஷனாச் சொல்லிட்டான். சொல்லி வாயை மூடல, ஆவுடை வீட்டு வாசல்ல ரெண்டு ஜோடி வந்து நின்னுச்சு. ஒண்ணு மாப்பிள்ளையோட அம்மா போடுற வெல்வெட்டுச் செருப்பு, இன்னொண்ணு மாப்பிள்ளையோட கறுப்புத் தோல் செருப்பு. ஊர்ச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான? தன்னைப் பொண்ணு பாக்க வரப்போற செருப்பைத் தானே தூக்கிக்கிட்டு வந்து, நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பதிமூணுன்னு தானே டோக்கன் எழுதி, தானே தட்டுல வச்சா. கறுப்புச் செருப்பைத் தூக்கிப் பாத்தா. "அட்டை இல்லக்கா, நிசத் தோலுதான். வந்துருவாக"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

உத்திரத்தன்னைக்குக் கோயில்ல கூட்டம்னா கூட்டம், எள்ளு போட்டா எள்ளு விழாது. என் கூடையில மல்லி தீரத் தீரக் கட்டிக்கிட்டே இருக்கேன், நாரைப் பல்லுல கடிச்சுக்கிட்டு. பதினோரு மணி டிரிப்புல குத்தாலம் வந்து இறங்கினாரு. அவரு காலுலயும் கறுப்புத் தோல் செருப்புதான், அந்த வருசம் ஜில்லா பூரா அந்த ஒரே செருப்புதான் ஓடுச்சு. ஆவுடை வாங்கினா. டோக்கனைக் கொடுக்காம கையிலேயே வச்சுக்கிட்டுக் கேட்டா. "நாளைக்கு நாலு மணிக்குத் தென்காசியில இருந்து என்னைப் பாக்க வாராக. நீங்க என்ன சொல்லுதீக?"

சொல்லுய்யா, சொல்லித் தொலைன்னு மனசுக்குள்ள கத்துதேன். மனுசன் கடிகாரத்தைப் பாத்தாரு, கோபுரத்தைப் பாத்தாரு, வேர்த்து விறுவிறுத்துப் போயி, கடைசியில, "பாப்போம் ஆவுடை"ன்னாரு. அவ டோக்கனை அவரு கையில வச்சு அமுக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, அடுத்த ஆளு செருப்பை வாங்கப் போயிட்டா. கண்ணு நிறைஞ்சு போச்சு அவளுக்கு.

அவரு சாமி கும்பிட்டு வெளிய வரும்போது கண்டக்டர் மாரியப்பன் ஹாரனை விடாம அமுக்குதான். நேரம் தாண்டிப் போச்சு. ஆவுடை முன்னால நாப்பது பேரு கையை நீட்டிக்கிட்டு நிக்காக. குத்தாலம் அவளைக் கூப்பிட மனசில்லாம, பக்கவாட்டுல எட்டி, கறுப்பா எது நின்னுச்சோ அதுல காலை நுழைச்சுக்கிட்டு ஓடினாரு. அவரு நுழைச்சது நூத்திப் பதிமூணு. மாப்பிள்ளையோட செருப்பு.

நான் பாத்தேன். சத்தியமாப் பாத்தேன். ஏன் சொல்லலன்னா, என் வாயில நார் இருந்துச்சு.

மறுநாள் ஆவுடை வீட்டுல கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு, சங்கரன் வாடகைச் சேர் பத்து வாங்கிப் போட்டு, எல்லாம் தயாரா இருக்கு. நானும் பூ கொண்டு போன சாக்குல உள்ள உக்காந்துட்டேன். மணி நாலாகப் போகுது. அந்தத் தெருவுல சைக்கிள் வந்தாலே ஒதுங்கணும், அதுக்குள்ள மினிபஸ் நுழைஞ்சு வருது. குத்தாலம் ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்காரு, முழி பிதுங்கி நிக்கு. பின்னால இருபத்திரெண்டு பாசஞ்சர், "யோவ், பொட்டல்புதூர் டிக்கெட்டுய்யா, எங்கய்யா கொண்டு போற?"ன்னு கத்துதாங்க. "நான் என்னங்க செய்ய, கால் எடுக்க மாட்டேங்குதே!"ன்னு இவரு கத்துதாரு. வண்டி நாலு மணிக்குச் சரியா ஆவுடை வாசல்ல நின்னுச்சு. இவரு இறங்கினாரு, செருப்பைக் கழட்டினாரு, செருப்பு மறைஞ்சுச்சு. நேரா நடந்து போயி மாப்பிள்ளைக்குப் போட்ட சேர்ல உக்காந்தாரு.

பின்னாலயே பாசஞ்சர் எல்லாம் இறங்கிட்டாக. பஜ்ஜி வாசம் அப்படி. ஆளுக்கு ஒரு தட்டை வாங்கிக்கிட்டு, நிமிசத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாவே மாறிட்டாக. "பொண்ணு சமைப்பாளா?"ன்னு ஒரு அம்மா என்கிட்டயே கேக்கா. அந்த இருபத்திரெண்டு பேருக்குள்ள ஒரு ஆளு உண்மையிலேயே மாப்பிள்ளை வீட்டு ஆளு, வெல்வெட்டுச் செருப்புப் போட்ட கைலாசத்தோட அம்மா. அந்தம்மா மட்டும் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நிக்கு. "எம்புள்ளை கிளம்புற நேரத்துல எங்க வீட்டு வாசல்ல நின்னு, ஏனோ வரத் தோணலம்மான்னு சொல்லிட்டு முறுக்குத் திங்க உக்காந்துட்டான். இங்க வந்து பாத்தா அவன் சேர்ல டிரைவர் இருக்காரு. இது என்னங்க நியாயம்?"

தட்டுச் சத்தத்துல அது சங்கரன் காதுல விழல, மாப்பிள்ளையை அவன் முன்ன பாத்ததும் இல்ல. திருப்பூர்ல இருக்கிறவனுக்கு எங்க ஊர் நடப்பு தெரியாதுல்லா. யாரு வந்து சேர்ல உக்காந்தாரோ அவருதான் மாப்பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டு, "என்ன மாப்ள, பொண்ணைப் புடிச்சிருக்கா? என்ன சொல்லுதீக?"ன்னு கேட்டுட்டான். எல்லாரும் மெல்லுறதை நிறுத்தினாக. குத்தாலத்தோட உதடு தானா, "பா..."ன்னு குவிஞ்சுச்சு.

"அண்ணே, அவுக ஒண்ணும் சொல்ல வேண்டாம்." ஆவுடை காபித் தட்டோட வந்து நின்னா. பச்சைச் சேலை, தலை நிறைய நான் கட்டின பூ. "அவுகளா வரல. வேற ஆளு செருப்பு அவுகளை இழுத்துட்டு வந்திருச்சு. தப்பு என் கூடத்துல நடந்தது, பதினோரு வருசத்துல முதல் தப்பு. இப்ப அவுக கால் அவுக காலுதான். போகணும்னா போகலாம். யாரும் தடுக்கக் கூடாது."

கைலாசத்தோட அம்மாவுக்கு இதான் வேண்டியிருந்துச்சு. "பாத்தியளா! ஒரு செருப்பைப் பத்திரமா வச்சுக்கிடத் தெரியல, இவளைக் கட்டினா எம்புள்ளையை என்னன்னு பாத்துக்கிடுவா? எங்களுக்கு இந்த இடம் வேண்டாங்க"ன்னு சொல்லிட்டு, கோவத்தோட மூணாவது பஜ்ஜியை எடுத்துச்சு.

குத்தாலம் எந்திரிச்சாரு. கதவு வரைக்கும் போனாரு. எனக்கு அப்படியே அவரைப் பூக்கூடையால அடிக்கலாமான்னு வந்துச்சு. கதவுகிட்ட நின்னு, சுவத்தைப் பாத்துப் பேசுதாரு. "எங்கப்பா எதுக்கும் கண்டிப்பாங்குற மனுசன். ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், இந்த ஆடிக்குக் கண்டிப்பான்னு எங்கம்மா கிட்ட வருசா வருசம் சொல்லுவாரு. அம்மா ஆடி பிறந்ததும் பெட்டியில சேலையை மடிச்சு வைக்கும். ஆடி முடிஞ்சதும் எடுத்து வெளிய வைக்கும். பதினாலு வருசம். கடலைப் பாக்காமலே போயிருச்சு. அந்த மாதிரி ஒரு சொல்லு என் வாயில இருந்து வந்து, இவ பெட்டியில சேலை மடிச்சுட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னுதான்..."

ஆவுடை காபித் தட்டைக் கீழ வச்சா.

"எனக்குப் பெரிய சொல்லு எதுக்கு? ஊருல ஒவ்வொருத்தரும் என்ன சொன்னாகன்னு நானே தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, என் விசயத்துல மட்டும் அடுத்தவுக வாயைப் பாத்துக்கிட்டே ஆறு வருசம் உக்காந்திருந்தேன் பாருங்க, நானும் ஒரு மக்குதான்"னா. சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. "நான் சொல்லுதேன். சித்திரை பத்தாம் தேதி நான் ஒங்க வீட்டுக்கு வாரேன்."

அம்புட்டுத்தான் சொன்னா. மீன் வாங்கப் போற மனுசன் சொல்லுற மாதிரி.

வெளிய இருந்து மாரியப்பன் கத்தினான். "அண்ணே! வண்டிப் படியில ஒரு பொம்பளைச் செருப்பு வந்து நிக்குண்ணே! ஜோடியா நிக்கு!" இருபத்திரெண்டு பேரும் தட்டோட வெளிய ஓடினாக. மினிபஸ் படிக்கட்டுல, வாரு அறுந்து ஊக்கு குத்தின ஆவுடையோட ரப்பர் செருப்பு, ரெண்டு காலும் ஒண்ணுபோலத் தேஞ்சு, டிரைவர் சீட்டைப் பாக்கத் திரும்பி நின்னுச்சு. பூட்டின வீட்டு வாசல்ல போயி நிக்கிறதுக்கு, முக்காவாசி நேரம் அவரு இருக்கிற இடமே மேல்னு நினைச்சிருச்சோ என்னமோ. தெருவுக்குள்ள பஸ் வந்த சத்தத்துக்குப் பாயோட வந்திருந்த சாமுவேல் சார் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து ஒரு செருப்பைக் கையில தூக்கிப் பாத்தாரு, முபாரக் பாய் கையில கொடுத்தாரு, அவரும் தூக்கிப் பாத்துட்டு, "கனமாத்தான் இருக்கு"ன்னாரு.

குத்தாலம் படிக்குப் பக்கத்துல மண்ணுல வெறுங்காலோட நின்னு அதையே பாத்தாரு. அன்னைக்குத்தான் அந்த மனுசன் ரோட்டையும் பாக்கல, கடிகாரத்தையும் பாக்கல. நிமிந்து ஆவுடையைப் பாத்து, "வா. நான் வீட்டுல இருப்பேன்"னாரு.

நான் நிக்கல, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு கோயில் வாசலுக்கு ஓடினேன். நாப்பத்தொண்ணாம் நம்பர் தட்டுல, கழுவித் துடைச்ச அந்த ஊதா வாரு இடது செருப்புக்குப் பக்கத்துல, அதையும் இப்பத்தான் கழுவி வச்ச மாதிரி ஈரம் காயாம, வலது செருப்பு வந்து நின்னுக்கிட்டிருந்துச்சு. பூக்காரி அழுதா நல்லாயிருக்காதுன்னு யாரும் பாக்குறதுக்குள்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

சித்திரை பத்தாம் தேதி கல்யாணம். கோயில்ல தாலி கட்டி, மினிபஸ்லயே கூட்டிக்கிட்டுப் போனாக. அந்த வாசல்ல ஆவுடை வலது காலை எடுத்து வச்சதும் பஸ் படியில இருந்த ஜோடியும் காணோம், தட்டுல இருந்த ஜோடியும் காணோம். கைலாசத்துக்கும் ஆவணியில கல்யாணம் ஆயிருச்சு, கடையநல்லூர்ப் பொண்ணு, அவனாப் போயிப் பாத்துப் புடிச்சதாம். அவுக அம்மா பத்திரிகையை ஆவுடைக்குத்தான் முதல்ல கொண்டாந்து வச்சுச்சு, பஜ்ஜிப் பக்குவமும் கேட்டுட்டுப் போச்சு. ராமேஸ்வரத்துக்கும் ஆவுடையும் குத்தாலமும் போயிட்டு வந்தாக, யார் கிட்டயும் முன்கூட்டிச் சொல்லாம.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில முத டிரிப்புக்கு மணி ஆறு. நான் பிள்ளைகளுக்குப் பூக் கொடுக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டு அந்தத் தெருவுலதான் நின்னேன். குத்தாலம் கதவு வரைக்கும் வந்தாரு. பழக்கத்துல சாவியைத் தேடிப் பையைத் தடவினாரு. அப்புறம்தான் பூட்ட வேண்டாம்னு நினைவு வந்துச்சு போல. திரும்பி நின்னு, தொண்டையைச் செருமிக்கிட்டு, அம்மா போன பிறகு சொல்லாத சொல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, "வாரேன்"னு சொன்னாரு. உள்ள இருந்து, "சரி, பாத்துப் போயிட்டு வாங்க"ன்னு குரல் வந்துச்சு. அவரு தெருமுக்கு திரும்பினாரு. தொடைச்சு விட்ட மாதிரி இருக்கும்னு ஆவுடை சொன்னாளே, அந்த வாசல்ல கறுப்புத் தோல் செருப்பு ஜோடியா வந்து நின்னுச்சு.

ஆவுடை வெளிய வந்தா. அதைப் பாத்தா. தாண்டிக்கிட்டுக் கூடத்துக்குக் கிளம்பிட்டா, கையில எடுக்கல. ஊர்ல அத்தனை வீட்டுச் செருப்பையும் எண்ணி அடுக்குறவ, நாய் வருமேன்னு ஒருத்தரையும் வாசல்ல வைக்க விடாதவ.

"ஏட்டி, இதுக்கு டோக்கன் போடலியா?"ன்னு கேட்டேன்.

"அதுக்கு எதுக்குக்கா டோக்கன்? அவுக வந்துருவாக"ன்னா.